கெஜக்கோல் யார் கையில்?

கடந்த தீபாவளிக்கு முன்னைய ஞாயிற்றுக்கிழமை, புடவை வாங்குவதற்காகக் குடும்பத்துடன் பதுளைப் பட்டினத்துக்குச் சென்றிருந்தேன். அத்தகைய ஞாயிறன்று பசார் வீதி எப்படியிருக்கும் என்பதை ஊவாவில் வாழும் நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து பஸ்களெல்லாம் நிரம்பி வழிந்து வந்து சேரும். தோட்டத்தில் கொடுபட்ட தீபாவளி முற்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கையில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாகத் தாய்மார் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். வருடம் முழுவதும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவர்களுக்கு, புதுத்துணியின் வாசனையை முகரக் கிடைக்கும் நாள் அதுதான்.

நாங்கள் நுழைந்த புடவைக்கடையில் ஒரு மூதாட்டி பேத்தியின் சட்டைக்குத் துணி வெட்டுவித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் துணியின் நிறத்திலோ பூவிலோ இல்லை. கடைப் பையன் பிடித்திருந்த அளவுகோலிலேயே நிலைத்திருந்தது. "இழுக்காம அளங்க தம்பி, துணி சுருங்கிப் போயிரும்" என்றார். கோல் மீற்றராகி வெகுகாலமாகியும் மூதாட்டியின் வாயில் அது இன்னமும் கெஜந்தான்.

அந்தக் கோலைப் பார்த்தபோது, முந்தின வாரம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்று என் நினைவுக்கு வந்தது. உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சுங்கவரி என்பது வாசலில் நின்று காசு கேட்பது, காசைக் கொடுத்தால் உள்ளே விடும். கோட்டா என்பது இத்தனை பேர்தான் உள்ளே வரலாமென்று எண்ணிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வது. அந்நியப் புடவைக்கு அரசாங்கங்கள் இவ்விதம் கோட்டா விதித்ததுண்டு" என்று விளக்கினேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சேர், கோட்டா வர்றது கெட்டதா, முடியுறது கெட்டதா?" என்று கேட்டாள். எவரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா வேலை செஞ்ச கார்மண்ட்ட, கோட்டா முடிஞ்சிருச்சுன்னு சொல்லித்தான் மூடினாங்க" என்றாள்.

பாடநூலிலிருந்து ஒரு விடையைச் சொல்லி அவளை உட்கார வைத்தேன். அந்த விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. அடுத்த சில தினங்கள் அவள் வகுப்புக்கும் வரவில்லை. தீபாவளி முடிந்ததும் ஒன்றுவிட்ட அக்காளுடன் கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகப்போகிறாள் என்று அவளுடைய தோழியர் கூறினர். அவளிடம் சொல்லத் தவறிய விடையை இவ்வாரம் இங்கே எழுத முயல்கிறேன்.

அப்பாயியின் சீத்தைச் சட்டை

என்னுடைய அப்பாயி நமுனுகுலைச் சாரலில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய சிறுபிராயத்தில், சம்பள நாளுக்கு மறுநாள் துணி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வியாபாரி ஒருவர் லயத்துக்கு வருவாராம். மூட்டையை அவிழ்த்தவுடன் பிள்ளைகள் பார்ப்பது ஜப்பான் சீத்தையைத்தான். பளிச்சென்ற பூக்கள், விலையும் மலிவு. "ஜப்பான் துணி துவைச்சா சாயம் போகும், ஆனா வாங்கலாம், சீமைத் துணி சாயம் போகாது, ஆனா வாங்க ஏலாது" என்று அப்பாயி சொல்வார்.

ஒரு தீபாவளிக்கு வியாபாரியின் மூட்டையில் ஜப்பான் துணி மிகச் சொற்பமாகவே இருந்தது. இருந்ததற்கும் விலை ஏறிவிட்டது. மூத்தவளுக்கு மாத்திரம் புதுச்சட்டை தைத்தார்கள். இளையவளான அப்பாயிக்குத் தாயின் பழைய சேலையிலிருந்து ஒரு சட்டை. ஏனென்று அழுத பிள்ளையிடம், "ஜப்பான்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டையாம்" என்று தகப்பன் சொன்னாராம். அப்பாயி வெகுகாலம் அதை ஏதோ யுத்தம் என்றே நம்பியிருந்தார். பின்னாளில் அவருடைய வயதைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். அது 1934 ஆம் ஆண்டாகவோ அதற்கடுத்த ஆண்டாகவோ இருக்க வேண்டும். தகப்பன் சொன்னது பொய்யன்று. அது பீரங்கியில்லாத சண்டை.

ஒரு தலைமுறைக் காலத்துக்கு முன்வரை உலகுக்கெல்லாம் துணி நெய்து விற்றது இங்கிலாந்தின் லங்காஷயர். 1931 டிசம்பரில் ஜப்பான் தன் நாணயத்தைத் தங்கத்தின் பிணைப்பிலிருந்து விடுவித்தது; யென்னின் மதிப்பு வெகுவாக வீழ்ந்தது; ஜப்பானியத் துணி உலகச் சந்தையில் மேலும் மலிந்தது. ஆலை முறையிலும் ஜப்பானியர் முந்திவிட்டனர். சக்கிச்சி டொயோடா கண்டுபிடித்த தானியங்கித் தறியின் உரிமையை, 1929 ஆம் ஆண்டில் லங்காஷயரின் புகழ்பெற்ற பிளாட் சகோதரர் கம்பனியே 100,000 பவுண் கொடுத்து வாங்க நேர்ந்தது. ஒசாக்காப் பக்கத்து ஆலைகளில் உழைத்தவர்களுட் பெரும்பாலோர், கிராமங்களை விட்டு வந்து விடுதிகளில் தங்கிய இளம்பெண்கள். அவர்களுடைய கூலியும் குறைவு. 1933 ஆம் ஆண்டில் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரித்தானியாவை முந்தியது.

லங்காஷயர் முதலாளிகளும் தொழிலாளிகளும் கூக்குரலிட்டனர். 1934 மே மாதம் 7 ஆம் திகதி, வர்த்தக மந்திரி வால்டர் ரன்சிமன், குடியேற்ற நாடுகளில் ஜப்பானியப் புடவைக்குக் கோட்டா விதிக்கப்படுமென லண்டன் பாராளுமன்றத்தில் அறிவித்தார். குடியேற்ற நாட்டு மந்திரி கன்லிஃப்-லிஸ்டர் ஒவ்வொரு நாட்டுக்கும் பணிப்பு அனுப்பினார்.

இலங்கையில் அப்பொழுது டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அரசாங்க சபை இருந்தது. சர்வசன வாக்குரிமையால் தெரிவான சபை அது. ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக இருந்த காலம். ஏழைகளின் துணி விலையேறும் என்பதை உணர்ந்த சபை, கோட்டாச் சட்டத்துக்கு இணங்க மறுத்தது. அதனால் கோட்டா நின்றுவிடவில்லை. மன்னரின் ஆலோசனைச் சபைக் கட்டளை ஒன்றின் மூலம், லண்டனிலிருந்தே அதனை இலங்கையின்மீது சுமத்தினார்கள். அப்பாயியின் சட்டை நின்றுபோனதற்குக் காரணம் இதுவே.

எந்த ஆண்டின் கணக்கு?

கோட்டா விதிப்பவர் முதலில் ஒரு பழைய ஆண்டைத் தேர்ந்துகொள்வார். அவ்வாண்டில் வந்த அளவே இனியும் வரலாம் என்பார். ஆண்டைத் தேர்பவரே அளவையும் தீர்மானித்து விடுகிறார் என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. 1934 இல் அவர்கள் எடுத்துக்கொண்டது 1927 முதல் 1931 வரையிலான ஐந்தாண்டுச் சராசரி. ஜப்பானியத் துணி மலிந்து பெருகியதோ அதற்குப் பின்னர்தான். ஆதலால் சராசரியைக் கணக்கிட்ட மாத்திரத்திலேயே பெரும்பகுதித் துணி கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

இதே காலத்தில் தேயிலைக்கும் ஒரு கோட்டா வந்தது. விலை வீழ்ச்சியைத் தடுக்க, இந்தியா, இலங்கை, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றும் 1933 ஆம் ஆண்டில் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கே எந்த ஆண்டை எடுத்துக்கொண்டார்கள்? 1929, 1930, 1931 ஆகிய மூன்றிலும் எந்த ஆண்டில் ஏற்றுமதி மிக அதிகமோ அந்த ஆண்டை! அதில் 85 வீதம் முதலாண்டில் ஏற்றுமதி செய்யலாம் என்றனர். தோட்ட முதலாளிக்கு உச்ச ஆண்டு. தொழிலாளியின் துணிக்குத் தாழ்ந்த ஆண்டுகளின் சராசரி. ஒரே மலையில், ஒரே காலத்தில், இரண்டு கோட்டா.

தொழிலாளியின் வருமானத்தையும் நினைத்துப் பாருங்கள். 1929 ஆம் ஆண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தேயிலை விலை வீழ்ந்தபோது அதையும் குறைத்தார்கள். கூலி இறங்கிய காலத்தில் துணி விலை ஏறியது. பேரம் பேசப் பலமுடையோருக்கு இந்தக் கஷ்டம் சற்றே இளகியது. இந்தியா தன் பஞ்சைத் துருப்பாக வைத்து, ஜப்பான் பத்து இலட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32 கோடி 50 இலட்சம் கெஜம் துணி வரலாமென 1934 இல் உடன்படிக்கை செய்துகொண்டது. லயத்துப் பிள்ளையிடம் அப்படிக் காட்டத் துருப்பு ஏதுமில்லை.

அந்நியத் துணி வேண்டாம் என்று கூறியவர்கள் லங்காஷயர்க்காரர் மாத்திரமல்லர் என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். மெய்தான். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார். அவரும் அந்நியத் துணியைத் துறக்கச் சொன்னவரே. ஆயினும் அவர் உடுப்பவரின் முன் நேரில் நின்று, காரணத்தைச் சொல்லி, கையேந்திக் கேட்டார். மறுப்பதற்கும் கேட்டவர்களுக்கு உரிமை இருந்தது. 1931 இல் லங்காஷயருக்குப் போய், வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளரையும் நேரிற் சந்தித்தார்.

ஒரே பீஸ் தீபாவளி

சுதந்திரம் பெற்றபின் கோல் கொழும்புக்கு வந்தது. 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி வற்றவே, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. லைசென்ஸ் இல்லாமல் துணி இறக்க முடியாது. அரசாங்கப் புடவை நிறுவனமாகிய சலுசல மூலம் வருவதே துணி என்ற நிலை 1970 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டது. அன்னியச் செலாவணியை உணவுக்கும் மருந்துக்கும் சேமிக்க வேண்டுமென்பதும், உள்ளூர்த் தறி ஓட வேண்டுமென்பதும் அரசாங்கத்தின் நியாயம். அது பொய்யான நியாயமன்று. தீவின் பல கிராமங்களில் கைத்தறியும் விசைத்தறியும் ஓடி, ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு கிடைத்தது.

லயத்தில் என்ன நடந்தது? என் தாயார் அப்போது சிறுமி. சங்கக்கடையில் துணி வந்திருக்கிறதென்று கேட்டால், இருளிலேயே புறப்பட்டு வரிசையில் நிற்பார்களாம். கிடைப்பது ஒரே நிறம். தாய்க்குச் சட்டை, பிள்ளைகளுக்குக் கவுன், ஜன்னலுக்குத் திரை எல்லாம் ஒரே பீஸிலிருந்து. "தீபாவளியன்னிக்கு எங்க வீட்டுப் பிள்ளை எதுன்னு தேட வேண்டியதில்ல, ஜன்னலைப் பாத்தாப் போதும்" என்று அம்மா இப்போது சிரித்துக்கொண்டு சொல்வார். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பட்டினியைத் தோட்டங்களில் அனுபவித்தவர்களுக்கு அது சிரிப்புக்குரிய காலமன்று. கோதுமை மாவு வந்த துணிப்பையைத் தோய்த்து, எழுத்துப் போகத் தேய்த்து, குழந்தைக்கு உள்ளாடை தைத்ததையும் அம்மா மறைப்பதில்லை. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்த அந்த மக்களிடம், இந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்க எவரும் வரவில்லை.

1977 நவம்பரில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அந்நியத் துணி வெள்ளம்போல் வந்தது. லயத்துப் பெண்கள் நிறம் பார்த்து எடுத்தார்கள். அதே வெள்ளம் கிராமத்துத் தறிகளை மௌனமாக்கியது. தறிக்காரியிடமும் எவரும் கேட்கவில்லை.

குற்றமற்ற தையல்

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இம்முறை கோல் வாஷிங்டனிலும் ஐரோப்பாவிலும் இருந்தது. வறிய நாடுகளின் மலிந்த ஆடைகளால் தங்கள் ஆலைகள் அழியுமென அஞ்சிய செல்வ நாடுகள், 1974 ஆம் ஆண்டில் பல்நார் உடன்படிக்கை என்னும் ஏற்பாட்டைத் தொடங்கின. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒவ்வொரு வகை ஆடையும் எத்தனை வரலாமென எண்ணிக்கை குறித்தார்கள். பருத்திக் காற்சட்டைக்குக்கூட அமெரிக்காவில் 347, 348 என்று தனி இலக்கம் உண்டு.

இதனால் நமக்குக் கேடு வந்திருக்க வேண்டுமல்லவா? வேடிக்கை என்னவெனில், ஒருவகையில் நன்மையே வந்தது. ஹொங்கொங், கொரியா, தாய்வான் ஆகியவற்றின் கோட்டா நிரம்பிவிட்டதனால், கோட்டா இன்னும் நிரம்பாத நாடுகளைத் தேடி முதலாளிகள் புறப்பட்டனர். 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியிருந்தது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிவித்து, கிராமங்களுக்குச் செல்லும் தொழிற்சாலைகளுக்குக் கோட்டாவைச் சலுகையாக வழங்கினார். அவ்விதமே மலைநாட்டுப் பக்கமும் தையல் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டிய பெண்பிள்ளைகள் சிலர் முதன்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள்.

2005 ஜனவரி முதலாம் திகதி உலகம் முழுவதும் அந்தக் கோட்டாக்கள் முடிந்தன. இனிச் சீனாவிலிருந்து வேண்டியமட்டும் வாங்கலாம். அந்த ஆண்டிலேயே ஐரோப்பியர் மீண்டும் அஞ்சிச் சீன ஆடைகளுக்கு அவசரக் கட்டுப்பாடு விதித்து, ஏறக்குறைய 8 கோடி ஆடைகள் துறைமுகங்களில் தேங்கிய கதை தனி. இலங்கையின் பெரிய கம்பனிகள் நேர்த்தியான வேலையாலும் நல்ல பெயராலும் தாக்குப்பிடித்து முன்னேறின. சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. மூடப்பட்டவற்றுள் ஒன்றிலேதான் என் மாணவியின் தாய் வேலை செய்திருக்கிறாள்.

பின்னரும் கதவு மாறி மாறித் திறந்து மூடியது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2005 இல் வந்தது. 2010 இல் நின்றது. 2017 இல் திரும்பியது. நம் ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கை வாங்கும் அமெரிக்கா, 2025 ஏப்ரலில் 44 வீத வரி என அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 வீதமாக்கியது. அந்த நான்கு மாதங்களும் எத்தனை வீடுகளில் உறக்கமில்லாமற் கழிந்தனவோ!

நிற்க. புடவைக்கடைக்குத் திரும்புவோம். மூதாட்டி துணியை வாங்கிக்கொண்டு நகர்ந்ததும், அவருக்குப் பின்னால் நின்றவர்களைக் கண்டேன். என் மாணவியும் அவளுடைய தாயும்! பெண் என்னைக் கண்டு தலை குனிந்தாள். தாய் கைகூப்பினார்.

"கோட்டாவைப் பத்தி இவ கேட்டாளாமே சேர்" என்று அவரே ஆரம்பித்தார். "மூணு வருசம் தைச்சேன். வேலை கஷ்டந்தான், ஆனா பழகிட்டேன். எங்க தையல்ல ஒருத்தரும் குத்தம் சொல்லல. எங்கயோ ஒரு சட்டம் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. கடைசி மாசச் சம்பளத்தோட வீட்டுக்கு வந்து, மறுவாரம் மலைக்குப் பேர் கொடுத்தேன். என்ன சட்டம், யார் போட்டதுன்னு இன்னிக்குவரைக்கும் தெரியாது."

அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வாஷிங்டன் என்பதா, ஜெனிவா என்பதா? "உங்கள் பிழை இல்லை அம்மா" என்று மாத்திரம் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் சேர்" என்றார் அவர்.

கடைப் பையன் அவர்களுக்காகத் துணியை உதறி அளக்கத் தொடங்கினான். அது வெள்ளைத் துணி. பாடசாலைச் சீருடைத் துணி. அரசாங்கம் தரும் துணி ஒன்று உண்டு. இது அதற்கு மேல் இரண்டாவது உடைக்கு. தாய் தமக்கு ஒன்றும் எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். "கார்மண்ட் எங்கயும் ஓடிப்போயிறாது, பரீட்சை எழுதிட்டு வேணும்னா போகட்டும்" என்று என்னிடம் சொல்வதுபோல் மகளுக்குச் சொன்னார். தீபாவளி விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த அன்று, அவள் பின்வரிசையில் தன் இடத்தில் இருந்தாள்.

அவளுக்கு நான் கொடுத்த விடையை நேயர்களுக்கும் சொல்கிறேன். கோட்டா வருவதும் கெட்டது என்று முடிவாகச் சொல்ல இயலாது. முடிவதும் கெட்டது என்று சொல்ல இயலாது. 1934 இல் வந்தபோது அப்பாயியின் சட்டை போயிற்று. 2005 இல் முடிந்தபோது உன் தாயின் வேலை போயிற்று. இடையில் வந்தது தறிக்காரிக்குச் சோறு போட்டு, லயத்தை வரிசையில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் இருந்தது. உடுப்பவளையும் தைப்பவளையும் கேளாமலே அளந்தார்கள் என்பதுதான் எல்லா முறைகளுக்கும் பொது. ஆகையால், எவர் அளக்கிறார், எந்த ஆண்டைக் கொண்டு அளக்கிறார் என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள் நம் லயங்களிலிருந்து வர வேண்டும்.

ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்வது இழிவு என்று நான் ஒருபோதும் சொல்லேன். நேர்மையான உழைப்பு அது. பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பிள்ளை பரீட்சை எழுதும்வரை பொறுத்திருங்கள். அந்த வேலை போகும் நாள் வந்தாலும், கையில் இன்னொரு வழி இருக்கட்டும்.

வெள்ளைத் துணியை அளந்து முடித்த பையன், கத்தரியை வைக்குமுன் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தான். "பாடசாலைப் பிள்ளை, வளர்ந்துரும்" என்றான்.